மலைக் குதிகால்

எனக்கு ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மைசூரில் டவுன் பஸ் ஏறினால், எனக்கு முன்னால் படியேறுகிறவரின் குதிகாலுக்குத்தான் என் கண் முதலில் போகும். கெண்டைக்கால் முடிந்து குதிகால் தொடங்கும் இடத்தில், பின்பக்கம் ஒரு நரம்பு கயிறு மாதிரி விறைப்பாக ஓடுமே, அது மெலிசா தடிப்பா என்று பார்த்த பிறகுதான் முகத்துக்கு வருவேன். நான் புடவைக் கரையைப் பார்ப்பதாகப் பெண்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒருத்தி எந்தக் கடையில் எடுத்தாள் என்றே சொல்லிவிட்டாள்.

இந்தப் பழக்கம் எங்கள் சொந்தக்காரர்களிடமிருந்து வந்தது. அவர்கள் எல்லாரும் ஹனூர், கௌதள்ளிப் பக்கம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் மைசூருக்கு வந்துவிட்டோம். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தோம். ஆனால் சிவராத்திரி வந்தால் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய், சொந்தங்களோடு சேர்ந்து மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலோடு நடந்தாக வேண்டும். அதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு அந்தக் குதிகால் நரம்பு மற்றவர்களைவிடத் தடிப்பாக இருக்கும். சிலருக்கு இருபது வயதிலேயே தெரியும், சிலருக்கு முப்பது தாண்டி வரும். அதற்கு 'மலைக் குதிகால்' என்று பெயர். பாறையிலும் முள்ளிலும் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதங்களுக்கு மாதேஸ்வரன், எங்கள் பேச்சில் மாதப்பன், கொடுத்த வரம் என்று சொல்வார்கள். பெண் பார்க்க வந்தாலும் முகத்தை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். பெண்ணை ஒரு மணைமேல் நிற்க வைத்து, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அங்கே கூடியிருக்கும் எங்கள் பெண்களில் மூத்தவள் குனிந்து அந்த நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். தடிப்பாக இருந்தால், மலை ஏறுகிற கால் என்று, ஒரே வார்த்தை, "ஏறும்." அந்த வார்த்தை வந்துவிட்டால் தட்டு மாற்ற வேண்டியதுதான். மெலிசாக இருந்தால் "பாக்கலாம்" என்பாள். பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போவார்கள், அதற்கப்புறம் வர மாட்டார்கள்.

பிடித்துப் பார்க்கிறவளுக்குத் தாலி இருக்கிறதா இல்லையா என்பதை எங்கள் வழக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆள் கிடைக்காது. எங்கள் வீடுகளில் நாற்பது தாண்டிய பெண்களில் பாதிப் பேர் கைம்பெண்கள். ஆண்கள் நன்றாக இருப்பார்கள். ஒருநாள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், அவ்வளவுதான். நல்ல கால் உள்ளவனை மாதப்பன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வான் என்று அதற்கும் ஒரு பெருமை வைத்திருந்தார்கள்.

என் தாய்மாமன் போனதும் அப்படித்தான். எங்கள் கூட்டத்திலேயே தடித்த குதிகால் அவருடையது. நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த வருஷம், சிவராத்திரிக்கு எங்கள் எல்லாருக்கும் முன்னால் "உகே மாதப்பா" என்று வாழ்த்துக் கோஷம் போட்டுக்கொண்டே ஏறினார். மேலே போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "ஏறுன மனுசன் எறங்கல. யாருக்குக் கெடைக்கும் இந்தச் சாவு" என்று கிழவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு அப்போதே அவர்கள்மேல் கோபம் வந்தது. என்ன கோபம் என்று சொல்லத் தெரியாத வயது.

அடுத்த வருஷத்திலிருந்து மாமாவின் மகன் முன்னால் நடந்தார். எனக்கு மச்சான் முறை. ஹனூரில் டிராக்டர் மெக்கானிக். கிரீஸ் படிந்த விரல்கள், யாரையும் அதட்டாத குரல். ஒற்றையடிப் பாதையில் அவர் பின்னால் நான் நடப்பேன். காட்டில் அந்த நேரத்துக்குப் புல் எல்லாம் காய்ந்து வாசமாக இருக்கும். ஏறுகிற நேரம் முழுக்க எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்மண் பூசிய அந்த இரண்டு குதிகால்கள்தான். இடது நரம்பில் நடுவே ஒரு சின்ன மேடு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே ஏறினால் களைப்பு தெரியாது. பெண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் காதலிப்பார்கள், நான் காலைப் பார்த்துக் காதலித்தேன்.

அவருக்கும் என்மேல் ஆசை இருந்தது. நான் எம்.எஸ்ஸி. முடித்ததும் அத்தை, அதாவது மச்சானின் அம்மா, மைசூருக்கு வந்து என்னை மணையில் ஏற்றினாள். அத்தையின் விரல் என் நரம்பைப் பிடித்தபோது எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறும்" என்றாள். பரீட்சையில் பாஸ் ஆனபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. தீபாவளி கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்கு நடுவில்தான் எனக்கு ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. குக்கரஹள்ளி ஏரிக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே பழைய கட்டடம். பக்கத்துத் தெருக்களில் ஊதுபத்தி உருட்டுவார்கள், காற்று திரும்பினால் எங்கள் அறையெல்லாம் பூஜையறை வாசம் அடிக்கும். எங்கள் மேடம் கன்னடக்காரர். பெரிய பெரிய பொருள்கள் செல்லுக்குள் எப்படி நுழைகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அந்த விஷயத்தை அவர் எனக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. காற்றுப் போன்ற சின்னச் சமாச்சாரங்கள் அதன் வழியே தாமாகவே போய்விடும். சர்க்கரை போகச் சின்ன வாசல்கள் உண்டு. ஆனால் ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துகொண்டு திரியும் உருண்டை, இவற்றோடு பார்த்தால் மலை. எந்த வாசலிலும் நுழையாது. அதற்காகவே செல்லின் தோலில் கைகள் மாதிரிச் சில முளைத்திருக்கின்றன. பாடப் புத்தகத்தில் ஏற்பி என்பார்கள். உருண்டை பக்கத்தில் வந்தால் கை அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் தோல் உள்பக்கமாகக் குழியும். குழி ஆழமாகும், மேலே வாய் கூடும், கடைசியில் ஒரு சின்னப் பையாகக் கிள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். கொழுக்கட்டை மாவைக் குழித்துப் பூரணம் வைத்து மூடுகிற மாதிரி. கொண்டு போய் விட்டதும் கை மட்டும் மறுபடி மேலே வந்து அடுத்த உருண்டைக்குக் காத்திருக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். என் உடம்பு எனக்குத் தெரியாமல் இத்தனை கொழுக்கட்டை பிடிக்கிறது என்று அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா, அடுப்பில் இருப்பதைக் கிண்டு என்றாள்.

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்கிற யாரானாலும் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். நோயாளிகளின் செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க 'சாதாரண' ஆளின் செல் தேவை, அதற்கு. என் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, கொழுப்பில்லாத சத்துநீரில் பட்டினி போட்டேன். பசி வந்தால் செல்கள் நிறையக் கைகளை நீட்டும். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றிய உருண்டைகளை அதில் விட்டேன். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். உள்ளே போன உருண்டைகள் ஆரஞ்சுப் புள்ளிகளாக மின்னின. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் சேர்ந்த பெண்ணின் செல்கள் தீபாவளி மாதிரி மின்னியிருந்தன. என்னுடையவை கரண்ட் கம்மியான தெரு மாதிரி இருந்தன.

நான் ஏதோ சொதப்பிவிட்டேன் என்று மேடம் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அப்படியே வந்தது. அடுத்த முறை அவரே கூட நின்றார். பார்த்துவிட்டு, "நின் ரக்தா நார்மல் அல்லம்மா" என்றார், உன் ரத்தம் நார்மல் இல்லையம்மா என்று. திட்டுகிற குரல் இல்லை அது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு போட்டோ இருந்தது. பின்னாலிருந்து எடுத்த இரண்டு கால்கள். முகம் கிடையாது, எந்த ஊர்க்காரரோ. நரம்பு தடித்து, இடது காலில் நடுவே ஒரு சின்ன மேடு. மச்சானின் கால் இந்தப் புத்தகத்துக்குள் எப்படி வந்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் கை தானாகக் கீழே போய் என் குதிகாலைப் பிடித்துக்கொண்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு, பரம்பரையாக, அந்தக் கைகள் பாதிதான் வேலை செய்யும். உள்ளே போக முடியாத உருண்டைகள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கொழுப்பு இதயத்துக்குப் போகும் குழாய்களில் படியும், குதிகால் நரம்பிலும் படியும். செல்லுக்குள் நுழைய முடியாமல் தங்கிப்போன கொழுப்பைத்தான் நாங்கள் இத்தனை தலைமுறையாகப் பிடித்துப் பார்த்து "ஏறும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட காலாகத் தேடித் தேடிச் சம்பந்தமும் செய்துகொண்டோம்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். ஒருவரிடம் குறை இருந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் இருந்தால், பிறக்கிற குழந்தைக்கு இரண்டு பக்கக் குறையும் சேர்ந்து வந்துவிடலாம். அந்தக் குழந்தையின் செல்லில் கைகளே இருக்காது என்று வைத்துக்கொள் என்றார். சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், பரீட்சை போனால் போகட்டும், மறுபடி எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மைசூருக்கு வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அதே ஏரிக்கரை. பொட்டலத்தில் வறுத்த கடலை வாங்கி வந்திருந்தார்.

"என்ன அம்மணி, மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற? தேதிய மாத்தோணுமா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை, குழி, பை, உருண்டை. கடலையை உள்ளங்கையில் வைத்து மூடிக் காட்டினேன். முடித்ததும் அவர் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"அப்ப எங்கப்பன மாதப்பன் கூப்புடலியா?"

"இல்லீங்க மச்சான்."

"வைத்தியம் பண்ணியிருந்தா எறங்கி வந்திருப்பாரா?"

"வந்திருக்கலாமுங்க."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்பா செத்த அன்று அழாத மனுஷன். என்னை ஒரு வார்த்தை திட்டாமல் எழுந்து கொள்ளேகால் பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு அவர் திட்டிவிட்டுப் போயிருக்கலாம் போல இருந்தது.

திரும்ப வந்தபோது தன் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் வந்தார். "எனக்கும் அதேதான்" என்றார். "நீ பாதி, நான் பாதி. ரெண்டும் சேந்தா முழுசாயிரும்னுதான் அம்மணி நான் நெனச்சுட்டிருந்தேன்."

"கொழந்த வேண்டாமுங்க மச்சான். நாம ரெண்டு பேரும் இருப்போம்."

"எங்கம்மாகிட்ட எத்தன வருசம் சொல்லாம இருப்ப? ஊர் உன்னையத்தான் பேசும், என்னையப் பேசாது." "அப்பறம் நமக்கே ஆசை வந்துபோட்டா?" என்றார்.

எனக்கு அப்போதே ஆசை இருந்தது.

ஊருக்குப் போய் அவர் செய்த காரியத்தை நான் மன்னிக்க ரொம்ப நாள் ஆனது. படித்த பிள்ளை தனக்கு ஒத்துவராது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். மாதப்பன் மேலும் பழி விழவில்லை, என் மேலும் விழவில்லை, எல்லாம் அவர் தலையில். அத்தை அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். என்மேல் பரிதாபப்பட்டு எல்லாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பலகாரத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையை நானே கூட்டத்தில் போட்டு உடைக்க எழுந்தபோது, அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளிடம் மட்டும் நான் முன்பே உண்மையைச் சொல்லியிருந்தேன்.

பிறகு அவர் தாளவாடிப் பக்கம், எங்கள் சொந்தத்தில் இல்லாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். நான் மைசூரிலேயே ஒருவரைக் கட்டிக்கொண்டேன். இவருக்குக் கொக்குக் கால். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டார். நான் பழசை நினைத்து உம்மென்று இருந்தால், "மலையேறப் போயிட்டா" என்று பையனிடம் சொல்லிவிட்டுத் தானே காபி போட்டுக்கொள்வார். நல்ல மனுஷன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் சிவராத்திரிக்குக் காய்ந்த புல் வாசம் மூக்கில் வந்துவிடும், அதை நான் என்ன செய்ய.

மச்சான் அத்தோடு நிற்கவில்லை. ஒரு வருஷம் மலைக்குக் கிளம்பும் முன், மாதப்பன் கனவில் வந்தான் என்று ஊரில் சொன்னார். என் மலையில் ஏறுகிறவன் முதலில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு ஏறட்டும் என்று சொன்னானாம். நம்பி, ஆளாளுக்குக் கொள்ளேகால் போய் ரத்தம் கொடுத்தார்கள். மாத்திரையை விபூதியோடு வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த மாத்திரை, ஈரல் செல்களை இன்னும் நிறையக் கைகள் நீட்ட வைக்கும். இந்தக் கதையைக் கேட்டு நான் போனில் சண்டை போட்டேன்.

"பொய் சொல்லியிருக்கீங்க மச்சான். அறிவியலக் கொண்டுபோய்க் கனவுல சேத்துட்டீங்க."

"நீ சொன்னா எவன் கேப்பான்? மாதப்பன் சொன்னாக் கேப்பான். பெரிய உருண்டை உள்ள போகோணும்னா புடிக்கற கை வேணும்னு நீதான அம்மணி சொன்ன?"

நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் ஆண்கள் இப்போது அறுபது தாண்டுகிறார்கள். ஆனால் மணையும் மஞ்சள் தண்ணீரும் அப்படியே இருக்கின்றன. அதை மட்டும் மச்சானால் நிறுத்த முடியவில்லை.

போன மாதம் அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் மைசூரில் நர்ஸாக இருக்கிறாள், லீவு நாளில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். என்னைப் பெரியம்மா என்பாள். அவள் அப்பாவுக்கு நான் கட்டிக்கொள்ளும் முறை என்பதால், எங்கள் முறைப்படி அவளுக்கு நான் பெரியம்மா. அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று அசையும். மாப்பிள்ளை கௌதள்ளிப் பையன், எங்கள் சொந்தம். அவனுக்குக் குறை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறான். இருவரும் ஏற்கெனவே பேசிப் பழகி ஆசைப்பட்டவர்கள். மச்சானின் குறை அவளுக்கும் வந்திருந்தால், நாங்கள் அன்று ஏரிக்கரையில் உட்கார்ந்த மாதிரி இவர்களும் உட்கார வேண்டும். ரத்தம் கொடுத்திருக்கிறது, முடிவு ஞாயிறு காலை வரும் என்று மச்சான் போனில் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை, பெண் பார்க்க, இரண்டு வீட்டாரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கடைசியாக வந்தார். தலை நரைத்துவிட்டது, விரலில் கிரீஸ் மட்டும் போகவில்லை. நான் சமையலறை வாசலில் மறித்து, "என்னங்க ஆச்சு?" என்றேன்.

"நீயே பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த கரண்டியால் அடித்திருப்பேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை இப்போது உயிரோடு இல்லை. அம்மாவும் இல்லை. அந்தக் கூடத்தில் இருந்த எங்கள் கூட்டத்துப் பெண்களில் மூத்தவள் நான்.

அவள் மணையில் ஏறி நின்றாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நான் முழங்கால் வலியோடு குனிந்து அந்த நரம்பைப் பிடித்தேன். மெலிசாக, கட்டி எதுவும் இல்லாமல், பிடித்தால் நழுவுகிற மாதிரி இருந்தது. ஆனால் மெலிசாக இருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது, முப்பதுக்கு மேல் தடிக்கிறவர்களும் உண்டு. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தார். அவளுக்கு இல்லை.

எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, குச்சியாட்டமா இருக்குது. பாக்கலாம்னு சொல்லிப்போடு" என்று முணுமுணுத்தாள். மணையில் நின்ற பெண்ணின் கால் விரல்கள் பயத்தில் மடங்கின. "பெரியம்மா" என்றாள் மெதுவாக.

நான் அந்தக் காலை விடவில்லை. கோயில் வாசலில் தண்ணீர் கேட்ட மாமாவை நினைத்துக்கொண்டேன். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏறும்" என்றேன். "எறங்கியும் வரும்."